வாயிற்படியில் அமர்ந்திருந்த அயலார்

காலை ஐந்தரை மணிக்கு மூக்கண்டப்பள்ளிச் சாலையில் நின்று பாருங்கள். ஓசூரின் பனி இன்னும் விலகியிராது. முதல் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்துக்காகக் காத்து நிற்பார்கள். தேநீர்க் கடை வாசலில் ஐந்தாறு மொழிகள் ஒரே வேளையில் காதில் விழும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்த மண்ணுக்குப் பழைய மொழிகள். இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பின்னர் வந்து சேர்ந்தவை.

1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. லாரி, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் ஆகியவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் 1980-களில் எழுந்தன. அன்று வேலை தேடி இங்கு வந்தவர்கள் யார்? சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் பெட்டியுடன் வந்து இறங்கிய நம்மவர்களே. இன்று ஜார்க்கண்டு, ஒடிசா, பீகார், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். பெட்டிக்குப் பதிலாக முதுகில் ஒரு பை. வேறுபாடு அவ்வளவே.

ஆயினும் அவர்களை நாம் பெயர் சொல்லி அழைப்பதில்லை. “வடக்கத்தியான்” என்ற ஒரே சொல்லில் ஆயிரம் பேரையும் அடக்கிவிடுகிறோம். வெற்றிலை எச்சில் துப்புகிறவன், கூட்டமாய்த் திரிகிறவன், திருடுகிறவன் என்று அந்தச் சொல்லுக்குள் நாமே பொருளையும் திணித்து வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லை நாமும் பயன்படுத்தியவர்தாம். அதனால் நேர்ந்த பிழையொன்றை இந்தத் திங்கள் நமது குடும்பங்களுக்கு ஒளிக்காமல் எழுதிவிட எண்ணுகிறோம்.

பூட்டிய கதவு

2022-ஆம் ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு அது நிகழ்ந்தது. ஞாயிறு பிற்பகல்களில் ஆலயத்தின் வாயிற்படியில் ஐந்தாறு இளைஞர்கள் வந்து அமரத் தொடங்கினார்கள். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, கையில் கைப்பேசி. யாரிடமும் எதுவும் பேசமாட்டார்கள். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் அமர்ந்துவிட்டுப் போவார்கள்.

இரண்டு வாரங்களில் நம்மிடம் முறையீடு வந்தது. “சாமி, பொட்டப்பிள்ளைகள் ஜெபமாலைக்கு வருகிற இடம். இவர்கள் யாரோ எவரோ. உண்டியல் வேறு இருக்கிறது.” சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். தம் பிள்ளைகளைக் குறித்த அச்சத்தில் சொன்னார்கள். நாமும் விசாரிக்கவில்லை. கோயிற்பிள்ளையை அழைத்து, ஞாயிறு பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை வெளிக்கதவைப் பூட்டிவிடும்படி சொன்னோம். அடுத்த ஞாயிறு அந்த இளைஞர்கள் வந்தார்கள். பூட்டைப் பார்த்தார்கள். எதிர்ப்புறம் இருந்த மரத்தடிக்குச் சென்று அமர்ந்தார்கள். நமது அறையின் சன்னலிலிருந்து அதைக் கண்டோம். சிக்கல் எளிதில் தீர்ந்தது என்று நமக்கு மனநிறைவுகூட உண்டாயிற்று.

நிற்க. அதே ஆண்டு நவம்பர் மாதம், மழை தூறிய ஒரு மாலைப்பொழுதில், நமது பங்கைச் சேர்ந்த குடும்பத்தலைவர் ஒருவர் வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அன்றுதான் சீட்டுப் பணம் எடுத்திருந்தார். தேசிய நெடுஞ்சாலையின் பக்கச் சாலையில் சரளைக் கல் சறுக்கி வண்டி கவிழ்ந்தது. தலையிலும் காலிலும் அடி. நினைவு தப்பிற்று.

அந்த வழியே பலர் சென்றார்கள். சிலர் வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். நமது பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவரும் அப்போது அவ்வழியே சென்றிருக்கிறார். பின்னாளில் அவரே நம்மிடம் சொன்னார்: “குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்று நினைத்துப் போய்விட்டேன் சாமி. நம்ம ஆள் என்று தெரியாது.” பாருங்கள், முத்திரை குத்தும் பழக்கம் அயலானை மட்டுமா சுடுகிறது? மழையில் விழுந்து கிடந்தவர், குடிக்கே பழக்கப்படாத நம்மவர். அவர் மீதும் நாம் ஒரு முத்திரையைக் குத்திவிட்டுத்தான் கடந்தோம்.

நின்றவர்கள் இருவர். அருகிலிருந்த பட்டறையில் வேலை முடித்து வந்த வடநாட்டு இளைஞர்கள். ஒருவன் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் காயத்தில் வைத்து அழுத்தினான். மற்றவன் சாலையின் நடுவே நின்று, சிறு சரக்கு வண்டி ஒன்றைக் கை நீட்டி மறித்தான். 108-ஐ அழைத்து இடத்தைச் சொல்லும் அளவுக்கு இருவருக்கும் தமிழ் தெரியாது. சரக்கு வண்டியின் பின்புறம் அடிபட்டவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கே காவலுக்கு நின்றவர், இவர்கள்தாம் மோதிவிட்டார்கள் என்று எண்ணி முதலில் இவர்களைத்தான் பிடித்து நிறுத்தினார்.

அடிபட்டவரின் கைப்பேசி ஒலித்தது. மனைவி அழைத்தார். எடுத்த இளைஞன் இந்தியில் ஏதோ பதற்றமாகச் சொன்னான். ஏமாற்று அழைப்பு என்று எண்ணி அந்த அம்மாள் துண்டித்துவிட்டார். மறுபடி அழைத்தபோதும் அதே குரல், மறுபடி துண்டித்தார். மூன்றாம் முறை செவிலியர் ஒருவர் கைப்பேசியை வாங்கித் தமிழில் பேசிய பிறகே அவருக்குச் செய்தி தெரிந்தது.

அவர் ஓடி வந்து சேரும்வரை அந்த இளைஞர்கள் போகவில்லை. வந்ததும் ஒருவன் எழுந்து, நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த தோல்பையை அவரிடம் நீட்டினான். அதன் பிறகு நடந்ததை அந்த அம்மாள் சில நாள் கழித்து நமது இல்லத்துக்கு வந்து சொல்லி அழுதார். “பையை வாங்கியதும் நான் முதலில் பணத்தை எண்ணினேன் சாமி. அவன் எதிரிலேயே எண்ணினேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு ரூபாய் குறையவில்லை. அவன் சட்டை முழுவதும் என் புருஷனுடைய இரத்தம்.” இதைப் பெயர் போடாமல் எழுதலாம் என்று அவரே இசைவு தந்தமையால் இங்கு எழுதுகிறோம்.

அவன் யார்?

குணமடைந்து வீடு வந்த பின்பு, அந்தக் குடும்பத்தலைவர் இளைஞர்களைத் தேடிக் கண்டுபிடித்து நம்மிடம் அழைத்து வந்தார். இருவரையும் கண்டதும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயிற்படியில் அமர்ந்திருந்தவர்கள்! நாம் கதவைப் பூட்டி மரத்தடிக்கு அனுப்பியவர்கள்!

பாதி இந்தியும் பாதி சைகையுமாக விசாரித்தோம். துண்டால் காயத்தை அழுத்தியவன் ஜார்க்கண்டு மாநிலம் கும்லா மாவட்டத்தைச் சேர்ந்தவன்; ஓராவோன் பழங்குடியினன். சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெபமாலையை எடுத்துக் காட்டினான். கத்தோலிக்கன்! ஞாயிறு காலை அவனுக்குப் பட்டறையில் வேலை. பிற்பகல் வந்தால் பூசை இருக்குமா என்று பார்க்க வந்திருக்கிறான். வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகை தமிழில் மட்டுமே இருந்தது. படிக்கத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கத் துணிவில்லை. ஆகவே ஆலயத்தின் படியில் அமர்ந்து, மனத்துக்குள் ஜெபமாலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நாம் வெட்கித் தலை குனிந்தோம். நமது தந்தையின் வீட்டுக்கு வந்த பிள்ளையை, வீட்டைக் காக்க வைத்த வேலைக்காரனே விரட்டினால் அதற்கு என்ன பெயர்?

அவனுடைய மக்களைப் பற்றி நமது குடும்பங்கள் அறிந்துகொள்வது நன்று. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் சோட்டா நாகபுரிப் பகுதிக்கு வந்தார். அங்கே முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடி மக்கள் நிலக்கிழார்களிடம் தம் வயல்களை இழந்து, நீதிமன்றத்தில் பேச ஆளின்றித் தவித்துக்கொண்டிருந்தார்கள். லீவன்ஸ் அடிகளார் நிலச் சட்டத்தைக் கற்று, அவர்களுடைய வழக்குகளுக்குத் துணை நின்றார். ஆயிரம் ஆயிரமாய் மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். அடிகளாரோ காச நோயால் நலிந்து 1893-இல், தமது 37-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அந்த ஓராவோன் மக்களிடையே தோன்றியவரே 2003-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட ராஞ்சிப் பேராயர் டெலஸ்போர் டோப்போ. 2023 அக்டோபரில் மறைந்த அவர், ஆசியப் பழங்குடியினரில் முதல் கர்தினால் என்னும் சிறப்புக்குரியவர்.

இன்னுமொரு செய்தி. ஓராவோன் மக்கள் பேசும் குருக் மொழி, இந்தியைச் சேர்ந்ததன்று. அது நமது தமிழின் இனமான திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘நீ’ என்று நாம் சொல்வதை அவர்கள் ‘நீன்’ என்கிறார்கள். கன்னடத்து அயலாரின் ‘நீனு’ நமக்கு நினைவு வருகிறதன்றோ? “இந்திக்காரன்” என்று நாம் ஒதுக்கியவன், மொழியால் நமக்குத் தூரத்து உறவினன். மறையால் ஒரே அப்பத்தைப் பகிரும் சகோதரன்.

சமாரியன் கத்தோலிக்கன் அல்லன்

இவ்விடத்தில் ஒரு கண்ணியைக் குறித்து எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். இந்நிகழ்ச்சியை மறையுரையில் சொன்னபோது பலர் கண் கலங்கினார்கள். பூசை முடிந்ததும் ஒருவர், “நம்ம வேதக்காரப் பையன் சாமி, அதுதான் உதவி செய்திருக்கிறான்” என்றார். நமக்குச் சுருக்கென்றது. ஏனெனில் சாலையில் நின்று வண்டியை மறித்த இரண்டாமவன், பீகாரைச் சேர்ந்த முகமதிய இளைஞன். பணப் பையை நெஞ்சோடு அணைத்துக் காத்தவன் அவன்தான்.

நமதாண்டவர் சொன்ன உவமையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ 27 கிலோமீட்டர். மலையிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை இறங்கும் பாலைவழி. கள்வர் அடித்துப் போட்ட மனிதனைக் குருவும் லேவியனும் விலகிக் கடந்தனர். நின்றவன் சமாரியன். யூதருக்கும் சமாரியருக்கும் இடையே இருந்தது இன்று நேற்றுப் பகையன்று. கெரிசிம் மலையிலிருந்த சமாரியரின் கோயிலை யூத ஆட்சியாளர் ஒருவர் கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடித்திருந்தார். ஆகவே சமாரியன் என்றாலே தீட்டு, துரோகம் என்று யூதப் பிள்ளைகள் தாய்ப்பாலுடன் கற்றார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இவ்வுவமை லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில்தான் ஒரு சமாரிய ஊர், இயேசுவுக்குத் தங்க இடம் கொடாமல் திருப்பி அனுப்புகிறது. சீடர் இருவர் வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்து அவ்வூரை எரிக்க விரும்புகிறார்கள். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்கிறார். தம்மைப் புறக்கணித்த அதே இனத்தாரில் ஒருவனைத் தமது உவமையின் நல்லவனாகப் படைக்கிறார்! ஓர் ஊரார் செய்த பிழையை அவ்வினத்தார் அனைவர் மீதும் அவர் ஏற்றவில்லை. நாமோ, யாரோ ஒருவன் எங்கோ செய்த திருட்டை, இரயிலில் வந்து இறங்கும் ஒவ்வொருவன் நெற்றியிலும் எழுதுகிறோம்.

கேள்வி கேட்ட சட்ட அறிஞனிடம், காயப்பட்டவனுக்கு அயலான் யார் என்று ஆண்டவர் வினவினார். அவனுக்குச் ‘சமாரியன்’ என்று சொல்ல நா எழவில்லை. இரக்கம் காட்டியவன் என்று சுற்றி வளைத்துச் சொன்னான். நமக்கும் அந்த நோய் உண்டு. நல்லது செய்தவன் நம்மவனாக இருந்தால் பெயரைச் சொல்கிறோம். பிறனாக இருந்தால் “யாரோ ஒரு பையன்” என்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபர் 3-ஆம் நாள் கையொப்பமிட்ட ‘ஃப்ரத்தெல்லி தூத்தி’ என்னும் சுற்றுமடலின் இரண்டாம் அதிகாரம் முழுவதையும் இவ்வுவமைக்கே ஒதுக்கினார் என்பதும் சிந்திக்கத் தக்கது.

வதந்தியின் கை

முத்திரை குத்துவதால் மனம் புண்படும், வேறென்ன நேர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். உயிரே போகும். 2018-ஆம் ஆண்டு மே மாதம் வடநாட்டுக் கும்பல் குழந்தைகளைக் கடத்துகிறது என்ற வதந்தி கைப்பேசி வழியே நமது வட மாவட்டங்களில் பரவியது. மே 9-ஆம் நாள் சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குச் சென்றனர். வழியில் வண்டியை நிறுத்தி, அங்கு விளையாடிய சிறுவர்களுக்கு அவர்கள் சாக்லேட்டு கொடுத்தார்கள். அவ்வளவுதான்! பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் திரண்டது. அறுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். குழந்தைக்கு இனிப்புக் கொடுக்கும் பாட்டியின் கையைக்கூட அச்சம் நிறைந்த கண் கள்வனின் கையாகக் காணும். வதந்தி வடக்கத்தியரைப் பற்றியது. மாண்டவரோ தமிழ் மூதாட்டி.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் வதந்தி மறுபுறமிருந்து வந்தது. தமிழகத்தில் வடநாட்டுத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று தொடர்பற்ற பழைய காட்சிகள் வடமாநிலங்களில் பரப்பப்பட்டன. தமிழக அரசு அதை மறுத்தது. காவல் துறையினர் வதந்தி பரப்பியோர் மீது வழக்குத் தொடர்ந்தனர். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு வந்து நேரில் விசாரித்துச் சென்றது. எனினும் தொழிலாளர்களின் கலக்கம் உடனே தணியவில்லை. ஊரிலிருந்து தாய்மார்கள் அழுதுகொண்டே கைப்பேசியில் அழைத்தார்கள். ஹோலிப் பண்டிகையும் நெருங்கியிருந்தமையால் இரயில்கள் நிரம்பி வழிந்தன.

தவக்காலம் அது. மார்ச் 3, வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதையில் ஐந்தாம் நிலைக்கு வந்திருந்தோம். ஆண்டவரின் சிலுவையைச் சுமந்த சீமோன், சிரேனே ஊரான்; வெளிநாட்டிலிருந்து வந்தவன். அந்நேரம் பின்வரிசையில் அந்த ஜார்க்கண்டு இளைஞனும் வேறு சிலரும் வந்து முழந்தாளிட்டார்கள். வழிபாடு முடிந்ததும், இரவில் தாங்கள் தங்கியிருக்கும் வரிசை வீட்டில் உறங்க அச்சமாய் இருக்கிறது என்றார்கள்.

மார்ச் 5, ஞாயிறு, பங்குப் பேரவை கூடிற்று. மறைக்கல்வி அறையில் அவர்களைச் சில நாள் தங்க வைக்கலாமா என்பது கேள்வி. வாதம் எழுந்தது. “ஏதேனும் நேர்ந்தால் ஆலயத்துக்குப் பழி வரும்.” “இவர்களில் கிறிஸ்தவர்களை மட்டும் வைத்துக்கொள்வோம்.” “காவல் நிலையம் இருக்கிறதே, நமக்கென்ன?” இப்படிப் பல குரல்கள். நமக்கும் நெஞ்சுரம் போதவில்லை, பேசாமல் இருந்தோம்.

அப்போது எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் எழுந்தார். மரியாயின் சேனையில் நெடுங்காலம் உழைத்தவர். கூட்டங்களில் வாய் திறவாதவர். அவர் சொன்னதை நினைவில் உள்ளவாறு தருகிறோம்.

“1991-ஆம் வருஷம் டிசம்பர் மாசம் நாங்கள் பெங்களூரில் இருந்தோம். காவேரிக் கலவரம். எங்கள் தெருவில் தமிழர் கடைகளை எரித்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா, அதுவரைக்கும் குழாயடியில் தினமும் என்னோடு சண்டை போட்டவள், சுவரைத் தாண்டி வந்து என் மூன்று பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு ராத்திரி எங்களைத் தன் வீட்டு உள்ளறையில் வைத்திருந்தாள். ஆட்கள் வந்து கேட்டபோது வாசலில் நின்றுகொண்டு, ‘இல்லி யாரூ இல்லா, ஹோகி’ என்றாள். அவள் என்ன சாதி, என்ன வேதம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவள் கதவைச் சாத்தியிருந்தால் நான் இங்கே நின்று பேச மாட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னார், அமர்ந்துவிட்டார். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியான பின்பு மூண்ட அந்தக் கலவரத்தில் வீடிழந்து எல்லை தாண்டி வந்த குடும்பங்கள் நமது பகுதியில் உண்டு. 2016 செப்டம்பர் 12-ஆம் நாள் மீண்டும் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோது, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி வரை பெட்டிகளையும் பிள்ளைகளையும் சுமந்து நடந்து வந்தவர்களையும் நாம் மறக்கவில்லை. அவர்கள் அனைவருமே ஒரு நாள் யாருக்கோ ‘வடக்கத்தியான்’ போல இருந்தவர்கள்தாமே!

பேரவையில் அதற்குமேல் வாதம் எழவில்லை. அன்றிரவு முதல் ஒன்பது பேர் மறைக்கல்வி அறையில் தங்கினார்கள். அவர்களுள் கத்தோலிக்கர் நால்வர். மற்றவர் இந்துக்களும் முகமதியரும். வின்சென்ட் தே பவுல் சபையினர் பாய்கள் கொண்டுவந்தனர். ஆறு இரவுகள் கழிந்தன. எந்தத் தீங்கும் நேரவில்லை. அக்கம்பக்கத்துத் தெலுங்குக் குடும்பம் ஒன்று ஒரு நாள் காலைச் சிற்றுண்டி அனுப்பியது. வேறு பெரிய நிகழ்ச்சி ஏதுமில்லை.

நற்சான்று கேட்கலாமா?

இத்தகைய நிகழ்ச்சிகளைப் படிக்கையில் நமது மனம் ஒரு தந்திரம் செய்யும். “அந்தப் பையன் நல்லவன், ஆனால் மற்றவர்கள் அப்படியல்லர்” என்று விதிவிலக்குக் கணக்கில் எழுதி, பழைய முத்திரையை அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளும். ஒருவன் தவறு செய்தால் அது அவன் இனத்தின் குணம். ஒருவன் நல்லது செய்தால் அது அவனுடைய தனிக்குணம்! இந்தத் தராசு கோணலானது என்பதை உணர்கிறோமா?

மதுரையில் பிச்சை எடுத்து வாழ்ந்த பூல்பாண்டியன் என்னும் முதியவரை நாடறியும். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது, தமக்குக் கிடைத்த காசில் 10,000 ரூபாயைச் சேர்த்து, நிவாரண நிதிக்கென மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தார். பின்னும் பலமுறை அவ்வாறே கொடுத்தார். அவ்வாண்டு மாவட்ட நிர்வாகம் அவருக்கு விருதளித்தது. பிச்சைக்காரன் என்றால் வாங்குகிறவன் என்றே நினைத்த நமக்கு அவர் கொடுக்கிறவராக நின்றார். மகிழ்ச்சியே. ஆயினும் ஒன்றைக் கேட்போம். நிதி கொடுக்காத பிச்சைக்காரருக்கு மனித மதிப்பு இல்லையா? இரத்தம் துடைக்காத வடநாட்டு இளைஞனுக்கு நியாயமான வாடகைக்கு வீடு கிடையாதா? சமாரியனிடம் ஆண்டவர் நற்சான்றிதழ் கேட்கவில்லை. பிறர் நமக்குச் செய்யும் உதவி, நமது கண்ணில் உள்ள செதிலை உதிர்க்கும் மருந்து. அவர்கள் நமக்குச் செலுத்த வேண்டிய நுழைவுக் கட்டணம் அன்று.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

முதலாவது, விபத்தில் விழுந்தவரைக் கண்டால் நில்லுங்கள். காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என்ற அச்சம் இனி வேண்டியதில்லை. உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்ட வலு அளித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-அ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுகிறவர் மீது வழக்குத் தொடர இயலாது என்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் இயலாது. அப்பிரிவு அவருக்குச் சூட்டியுள்ள பெயரே ‘நல்ல சமாரியன்’ என்பதுதான்! மேலும் 2021 டிசம்பர் 18-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழகச் சாலைகளில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். அவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று அத்திட்டம் பாராது. அரசாங்கத்தின் ஆணை கேட்காத கேள்வியைக் கிறிஸ்தவ நெஞ்சம் கேட்கலாமா?

இரண்டாவது, பிள்ளைகளின் முன்னிலையில் ‘வடக்கத்தியான்’, ‘லாரிக்காரன்’ என்று இழிவாய்ப் பேசுவதை விட்டொழியுங்கள். உங்கள் தெருவில் வேலை செய்யும் ஒருவரின் பெயரையேனும் கேட்டு, பெயர் சொல்லி அழைக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள்.

மூன்றாவது, கைப்பேசியில் வரும் செய்தி எவரையேனும் கூட்டமாய்க் குற்றம் சாட்டினால், அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். அத்திமூரில் கை ஓங்கியவர்களுக்கு முன்பு, விரலால் அனுப்பியவர்கள் பலர் இருந்தார்கள்.

நான்காவது, வீட்டுக்கு உரிமையாளராய் இருப்போர், ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்து ஆள் ஒன்றுக்கு வாடகை வாங்கிவிட்டு, அவர்கள் அழுக்காக வாழ்கிறார்கள் என்று குறை சொல்லாதீர்கள். தண்ணீரும் கழிப்பறையும் கொடுத்த பின்பு பேசுங்கள்.

நமது பங்கிலும் சில மாறின. வெளிக்கதவு ஞாயிறு பகலில் திறந்தே இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் பூசை நேரம் இந்தியிலும் எழுதப்பட்டுள்ளது. எழுத்துப் பிழைகளை அந்த ஜார்க்கண்டு இளைஞனே திருத்திக் கொடுத்தான்.

அவன் இப்போது இங்கு இல்லை. 2023-இல் ஈஸ்டருக்குப் பின் ஊருக்குச் சென்றவன் திரும்பவில்லை. சூரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகத் தோழர்கள் சொன்னார்கள். பணத்தை எண்ணிய அந்த அம்மாள், அவனிடம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றிருந்தார். மொழி தெரியவில்லை, கூச்சமாய் இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டார், நாள் கடந்துவிட்டது. இப்போது ஞாயிறு பிற்பகல்களில் அவர் ஒரு பாத்திரத்தில் தேநீருடன் வாயிற்படிக்கு வருகிறார். அங்கே அமர்ந்திருப்பவர்கள் எல்லாரும் புதியவர்கள். அவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தேநீரைக் குடித்துவிட்டு, “தன்யவாத், அம்மா” என்கிறார்கள். அவர் ஒவ்வொருவனிடமும் பெயர் கேட்கிறார்.

அன்பார்ந்த குடும்பங்களே, உங்கள் வாயிற்படியிலும் யாரோ ஒருவர் அமர்ந்திருக்கலாம். கதவைப் பூட்டுமுன் ஒரு முறை, அவர் பெயரைக் கேட்டுவிடுங்கள்.